பதினெட்டு கேள்விக்கும் ஒரே பதில்

நீதிமன்றம் அனுப்பும் ஆட்களைப் பரிசோதித்து அறிக்கை எழுதுவது என் வேலையில் ஒரு பகுதி. பெரம்பலூர் அரசு மருத்துவமனையில் உளவியலாளராக இருக்கிறேன். சில ஆண்டுகளாக அரியலூர் வழக்குகளும் என்னிடமே வருகின்றன. இந்த ஆளால் வழக்கு நடப்பதைப் புரிந்துகொள்ள முடியுமா, வக்கீலிடம் நடந்ததைச் சொல்ல முடியுமா, இவர் பேச்சை நம்பி மேலே போகலாமா என்றுதான் நீதிமன்றம் கேட்கும். குற்றம் செய்தாரா என்று என்னிடம் கேட்காது. அறிக்கை தவிர, அன்றன்றைக்கு டைரியிலும் எழுதிவிடுவேன். வந்த நேரம், போன நேரம், உடன் வந்தவர், சாப்பிட்டுவிட்டு வந்தாரா இல்லையா.

அரியலூரிலிருந்து வந்த ஒருவரைப் பற்றி முதல் நாள் எழுதியது சில வரிகள்தான். ‘செவ்வாய், 11.10. ஆண், வயது முப்பது இருக்கலாம். காவலர் இருவர். சாப்பிடவில்லை. பதினெட்டு கேள்விக்கும் பதில் சொன்னார். 11.35 முடிந்தது.’

இருபத்தைந்து நிமிடம். செவ்வாய்க்கிழமை மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு வருகிறவர்களின் நாள். வராந்தா முழுக்கக் குழந்தைகளும் தாய்மார்களும் உட்கார்ந்திருந்தார்கள். அதனால் பேச்சு குறைந்தவர்களுக்கென்று நானே தயாரித்து வைத்திருந்த தாளை எடுத்தேன். ஆமாம், இல்லை என்று இரண்டு கட்டம். கேட்கக் கேட்க டிக் செய்துகொண்டே போகலாம்.

வழக்கு இது. செந்துறைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் அவரும் அவர் அம்மாவும் கூரை வீட்டில் இருந்தார்கள். ஒரு மத்தியானம் வீடு எரிந்தது. உள்ளே காய்ச்சலில் படுத்திருந்த அம்மா வெளியே வர முடியாமல் இறந்துபோனார். மகன்தான் கொளுத்தினார் என்று வழக்கு. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைந்தவர். ஆடு மேய்ப்பதைத் தவிர வேறு வேலை தெரியாது. கேட்டவர்கள் எல்லோரிடமும் ஒப்புக்கொண்டார் என்று காகிதங்கள் சொல்லின.

என் அறிக்கையில் மூன்று வாக்கியங்கள் எழுதினேன். கேள்விகளைப் புரிந்துகொள்கிறார். பொருத்தமாகப் பதிலளிக்கிறார். தன் செயலை ஒப்புக்கொள்கிறார். மூன்றாவது வாக்கியத்தை எழுத எனக்கு உரிமையே இல்லை. கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, அன்று மாலையே அனுப்பிவிட்டேன்.

ஒன்பது நாள் கழித்து அவருடைய அக்கா வந்தார். பருத்தி எடுக்கிற வேலை. விரல் நுனியெல்லாம் கீறல். ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, தன் முறை வந்த பிறகுதான் உள்ளே வந்தார்.

“யாருக்குப் பாக்கணும்மா?” என்றேன்.

“யாருக்கும் இல்லீங்க மேடம். ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். எந்தம்பிட்ட நீங்க ஆமாவா இல்லையான்னு கேட்டீங்களா?”

“ஆமா.”

“அப்ப ஆமான்னுதான் சொல்லிருப்பான். எங்கம்மா பழக்கி வுட்டதுங்க. சின்னப் புள்ளையில அவன் முழிச்சுக்கிட்டு நின்னா தெருவுல அடிப்பானுவ. திமிரப் பாருன்னு பெரியாளுங்களும் அடிப்பாங்க. யாரு என்ன கேட்டாலும் கையக் கட்டிக்கிட்டு ஆமாங்கன்னு சொல்லிடுடான்னு சொல்லிச் சொல்லி வச்சிருந்துச்சு. அதுக்கப்பறம் ஒருத்தனும் அவன அடிச்சதில்ல. நீ கலெக்டராடான்னு கேட்டுப் பாருங்களேன். ஆமாங்கம்பான்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அவனுக்குத் தீப்பெட்டியே புடிக்கத் தெரியாது மேடம். எங்கம்மா குடுத்ததே இல்ல.”

தீப்பெட்டி விஷயம் என் வேலையில் வராது. அது நீதிமன்றம் பார்க்க வேண்டியது. அவர் போனதும் அலமாரியைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். பதினெட்டு கேள்வி, பதினெட்டு ஆமாம். ஆறாவது கேள்வி, அன்று மத்தியானம் வீட்டில் இருந்தாயா. ஆமாம். பதினோராவது கேள்வி, அன்று மத்தியானம் ஆடு மேய்க்கப் போயிருந்தாயா. ஆமாம். இரண்டுக்கும் ஒரே மாதிரி, ஒரே அளவில், அழகாக டிக் போட்டிருக்கிறேன்.

இப்படிப்பட்டவர்கள் கேட்பவர் மனம் கோணாத பதிலைச் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. படிக்கிற காலத்தில் அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். குரும்பலூரில் எங்கள் வீட்டிலும் பெரியவர்கள் கேட்டால் சரிங்க என்பதுதான் பதில். வேறு பதில் சொன்னால் வாய்க்கொழுப்பு. இவ்வளவு தெரிந்தும் கட்டங்கள் நிரம்பியதைப் பார்த்து அவருக்குப் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினேன். என் அறிக்கை தவறான முறையில் தயாரானது, மறுபடி பரிசோதிக்க அனுமதி வேண்டும் என்று. கூட வேலை பார்க்கும் மருத்துவர் ஒருவர் படித்துவிட்டு, “தவறுன்னா எழுதுவாங்க? கூடுதல் விவரம் தேவைன்னு எழுதுங்க மேடம்” என்றார். தவறு என்றே அனுப்பினேன். பதில் வரப் பதினேழு நாள் ஆனது. அந்தப் பதினேழு நாளும் அவர் சிறையில் இருந்தார்.

இரண்டாம் முறை செவ்வாய்க்கிழமையைத் தவிர்த்து, காலை முழுவதையும் ஒதுக்கி வைத்தேன். அதே காவலர்கள் வந்தார்கள். முதலில் நான்கு இட்லி வாங்கி வரச் சொன்னேன். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“ஒக்காரு தம்பி. நீ போன வாரம் கலெக்டரா இருந்தியா?”

“ஆமாங்க மேடம்.”

வாசலில் நின்ற இளம் காவலர் சிரித்துவிட்டார்.

“அதுக்கு முந்தி பஸ் ஓட்டுனியா?”

“ஆமாங்க மேடம்.”

“நீ பொம்பளப் புள்ளையா?”

“ஆமாங்க மேடம்.”

காவலரின் சிரிப்பு நின்றுவிட்டது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

பிறகு ஆமாம், இல்லை என்று பதில் வராத கேள்விகளாகக் கேட்டேன். எத்தனை ஆடு, எந்த ஆடு சேட்டை, எங்கே ஓட்டிக்கொண்டு போவாய். வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. காத்திருந்தேன். நொண்டி ஆடு ஒன்று இருக்கிறது என்றார். அதன் பின்னே மெதுவாகப் பேச்சு வந்தது. முழுச் சோளக்காட்டையும் சுற்றி ஓடைக்குப் போவாராம். நொண்டிக்காகப் பாதி வழியில் உட்கார வேண்டுமாம். அம்மா தூக்குவாளியில் சோறு கட்டித் தருமாம்.

“அன்னைக்கு என்ன நடந்துச்சு?”

“நொண்டி முள்ளுல மாட்டிக்கிச்சுங்க. எடுத்து வுட்டேன். பொகையா வந்துச்சு. வந்தேன். தண்ணி ஊத்துனாங்க. அம்மாவக் காணும்.”

மூன்று முறை, வேறு வேறு விதமாகக் கேட்டேன். மூன்று முறையும் நொண்டி முள்ளில் மாட்டியதிலிருந்துதான் தொடங்கினார். டைரியில் எழுதியிருக்கிறேன்: ‘9.40 முதல் 1.05 வரை. அவராகப் பேசியது மொத்தம் இருபது நிமிடம் இருக்கும்.’

இரண்டாவது அறிக்கையில், ஆமாம் இல்லை என்று கேட்டு வாங்கிய எந்தப் பதிலையும் இவரிடமிருந்து வந்ததாகக் கொள்ள முடியாது என்று எழுதினேன். அரியலூர் நீதிமன்றத்தில் கூண்டில் ஏறிச் சொல்லவும் வேண்டியிருந்தது. அரசு வக்கீல் இரண்டு அறிக்கையையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டார்.

“ரெண்டுலயும் உங்க கையெழுத்துதானா?”

“ஆமாம்.”

“அப்ப முதல்ல எழுதுனது பொய்யா?”

“பொய் இல்லைங்க. தவறு.”

“ரெண்டாவதும் தவறா இருக்கலாம்ல?”

இருக்கலாம் என்றேன். அதனால்தான் கேட்ட கேள்வியையும் வந்த பதிலையும் வரி வரியாக எழுதி இணைத்திருக்கிறேன், படித்துப் பாருங்கள் என்றேன். நீதிபதி அங்கேயே படித்தார். கலெக்டர் கேள்வி வந்த இடத்தில் நிமிர்ந்து, குற்றம் சாட்டப்பட்டவர் இடத்தில் நின்ற அவரை ஒரு முறை பார்த்தார். அவர் அங்கிருந்தே கையைக் கட்டிக்கொண்டார்.

ஒப்புக்கொண்டதைத் தவிர அவருக்கு எதிராக வேறு சாட்சியம் இல்லை. சில மாதங்களில் விடுவித்து, அக்காவின் பொறுப்பில் அனுப்பினார்கள். தீ எப்படிப் பிடித்தது என்று கடைசிவரை தெரியவில்லை. கஞ்சி வைத்த அடுப்பாக இருக்கலாம் என்றார்கள்.

மாதம் ஒரு முறை அவரை அழைத்து வரச் சொல்லியிருந்தேன். முதல் மாதம் இருவரும் வந்தார்கள். ஆள் இளைத்திருந்தார். அக்காதான் ஆரம்பித்தார்.

“வூட்டுல அடுப்பு பத்த வச்சா எழுந்திரிச்சு ஓடிடுறான் மேடம். ராத்திரி சோத்த வெளியதான் கொண்டாந்து குடுக்குறேன். ஆட்டுக்கும் போவ மாட்டேங்கறான்.”

நான் அவரைப் பார்த்துக் கேட்டேன். இந்த முறை ஒழுங்காகத்தான் கேட்டேன்.

“அம்மாவுக்கு என்னாச்சு தம்பி?”

“நாங் கொளுத்திட்டேங்க.”

நொண்டியும் வரவில்லை, முள்ளும் வரவில்லை. அவராகவே, முழு வாக்கியமாகச் சொன்னார். அன்று வழக்குக் காகிதங்களின் நகலை எடுத்து எண்ணிப் பார்த்தேன். தெருக்காரர்கள், கிராம அலுவலர், ஸ்டேஷனில் இருவர், டாக்டர், குற்றவியல் நடுவர். நீதான் கொளுத்தினாயா என்று அவரிடம் ஒவ்வொருவரும் கேட்டிருக்கிறார்கள். அந்த வரிசையில் நானும் இருக்கிறேன். என் தாளில் அது பதினான்காவது கேள்வி. கேட்கிற ஒவ்வொரு முறையும் அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என் தொழிலில் இப்படிச் சொல்லித் தரக் கூடாது. சொன்னேன்.

“நீ கொளுத்தல தம்பி. நீ ஆடு மேய்க்கப் போயிருந்த. நொண்டிக்கு முள்ளு எடுத்து வுட்ட. தெரியுதா?”

“ஆமாங்க மேடம்.”

“யாரு கொளுத்துனா?”

“நாந்தாங்க.”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இனி அவரிடம் யாரும் அந்தத் தீயைப் பற்றிக் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஆட்டைப் பற்றி மட்டும் பேசுங்கள் என்று சொன்னேன்.

“தெருவுல யாரு மேடம் கேக்காம இருக்கா?” என்றார் அக்கா. “பஸ்ஸுல வரயில கூட கண்டக்டரு கேட்டுட்டாரு, நீதானடா அதுன்னு.”

சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு தம்பியின் கையைப் பிடித்தார். அவர் எழுந்து, எனக்கு ஒரு கும்பிடு போட்டு, அக்காவின் பின்னே நடந்தார்.