விசில் எட்டாத வளைவு

சேரம்பாடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயவீடுகளில், பிள்ளைகளுக்குப் பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிள்கள் துணி உலர்த்தத்தான் பயன்பட்டன. இந்தச் சரிவில் யார் ஓட்டுவது? கொழுந்து பறிக்கும் ரேணுகா நாற்பது வயதில் அவற்றில் ஒன்றை எடுத்து ஓட்டி, முழங்கையைப் பெயர்த்துக்கொண்டாள். அதன்பிறகுதான் விழாமல் இறங்கக் கற்றாள். இப்போது மகளிர் குழுவின் ஞாயிறு வகுப்பில் மற்ற பெண்களுக்குச் சொல்லித்தருகிறாள். நன்றாக ஓட்டினாய் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அன்று ஜூடித்தின் முறை. கீழே அங்கன்வாடியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. காலையில் அந்த நேரத்துக்குப் பஸ் இல்லை. ஃபேக்டரி இறக்கத்தில் தனியாக இறங்கிக் காட்டினால்தான் ரேணுகா அவளைச் சைக்கிளில் வேலைக்குப் போக விடுவாள்.

ரேணுகா நடு வளைவில் விசிலோடு நின்றாள். "விட்டாச்சுடீ!" என்று, மேலே சைக்கிளைப் பிடித்துவிட நின்ற குழுக்காரி மருதாயி கத்தினாள்.

அப்போதுதான் மஞ்சு மூடுபனியாக ரோட்டின்மேல் இறங்கியது. கூடவே, கீழேயிருந்து லாரியின் உறுமல்.

ஞாயிற்றுக்கிழமை லாரி வராது என்று இந்த ரோட்டைத் தேர்ந்தெடுத்தவள் ரேணுகாதான். கொழுந்து குவியும் காலம். ஞாயிறும் அன்றே கையில் கிடைக்கும் காசுக்குப் பறிக்கிறார்கள்; அதை ஏற்ற லாரி வரும். போன ஞாயிறு மத்தியானம் அவளே பறித்தாள். எப்படி மறந்தது?

விசிலை ஊதினாள். வளைவுக்கு லாரி அடித்த ஹாரன் அதை விழுங்கியது. கையை வீசிக்கொண்டு நடுரோட்டுக்கே வந்தாள். டிரைவர் டக்ளஸ் சிரித்தபடி ஒதுக்கி ஓட்டினான்.

"திரும்பி வர்றப்ப ஏத்திக்கிறேன்க்கா!"

"டேய், நிறுத்துடா!"

லாரி மஞ்சுக்குள் போய்விட்டது. ரேணுகா பின்னாலேயே ஓடினாள். பிரேக் சத்தம் வரும், அலறல் வரும் என்று காது காத்திருந்தது. எதுவும் வரவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

மண்திட்டை ஒட்டி, வாய்க்கால் ஓரமாக, ஜூடித் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். பின்னால் ஓடிவந்த மருதாயி மூச்சிரைக்கச் சிரித்தாள்.

"ஓட்டச் சொன்னா உருட்டிக்கிட்டு வர்றா பாரு, மகாராணி!"

ரேணுகா சைக்கிளைப் பிடித்து நிறுத்தினாள். "விசில் கேட்டுச்சா?"

"இல்லக்கா. முன்னால ரோடு தெரியல, சைக்கிள விட்டு எறங்கிட்டேன். அப்புறந்தான் லாரி வந்துச்சு." ஜூடித் தலையைக் குனிந்தாள். "ஃபெயிலாக்கா?"

ரேணுகா ஊதியதும் கத்தியதும் எதற்கும் உதவவில்லை. கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினாள்.

"மஞ்சு கலையட்டும். மறுபடி மேல போய் ஓட்டிக்கிட்டு எறங்கி வா. இந்தத் தடவ நான் வளைவுல நிக்க மாட்டேன்."