மேல நிக்கிறது சிமெண்டு

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு கூட்டத்தோடு சேர்ந்து செங்கல்பட்டில் நீரூற்றுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன். சிரிக்காதீர்கள். 'நீரூற்று நடை' என்று பெயர் வைத்து, வந்தவர்களுக்கு ஒரு தொப்பியும் முடிவில் பொங்கலும் கொடுத்தார்கள். பொங்கலுக்காகத்தான் போனேன் என்கிறாள் என் மனைவி. மகள் வாங்கித் தந்த புது ஷூவைப் போட்டுப் பழக ஒரு சாக்கு என்று நான் சொல்லிக்கொண்டேன். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஷூ குதிகாலைக் கடித்துவிட்டது. பொங்கலில் உப்பு இல்லை.

நடத்தியவர் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர். கன்னத்தோடு ஒட்டிய மைக், இடுப்பில் ஸ்பீக்கர். வந்த எல்லோர் கையிலும் தண்ணீர் பாட்டில் இருந்தது. அது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் நாங்கள் பார்த்த நீரூற்று எதிலும் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. முதலாவதில் ஒரு கொக்கு வாயைப் பிளந்து அண்ணாந்து நின்றது; தொட்டி நிறைய டீக் கப். "இதோட சிம்பிளிசிட்டியைப் பாருங்க" என்றார் இளைஞர். பார்த்தோம். அடுத்தது தாமரை. அதன் இதழ்களில் யாரோ லுங்கி காயப் போட்டிருந்தார்கள். லுங்கியோடு சேர்த்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஏரி இருக்கிற ஊர் ஐயா இது. ரயிலில் போகிறவன்கூட ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து பார்க்கிற அத்தனை பெரிய தண்ணீரை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, காய்ந்த தொட்டிகளுக்குள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாவதாக அவர் காட்டிய சிலை எனக்குத் தெரிந்த சிலை. இடுப்பில் குடத்தோடு நிற்கும் சிமெண்டுப் பெண். குடத்தின் வாயிலிருந்து தண்ணீர் ஊற்றுவதுபோல் அமைப்பு. மூக்கு உடைந்து, பச்சையாக இருந்த சேலை மூன்று தடவை நிறம் மாறி, இப்போது கத்தரிப்பூ நிறத்தில் இருக்கிறாள். தொட்டியில் பழைய மழைத் தண்ணீர் கொஞ்சம் பாசி பிடித்துக் கிடந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கு அந்த வாடை வேறெங்கோ இழுத்துப் போனது. பாசி வாடையும் போட்டோ கழுவுகிற ஹைப்போ வாடையும் ஒன்றில்லைதான். ஆனால் மூக்கு என்ன கணக்கில் எதை எதனோடு சேர்த்து வைக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்?

இருபத்து சொச்சம் வயதில் நான் கடைத்தெருவில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். முதலாளி பாபு அண்ணன். நல்ல மனிதர், பயந்தவர். கல்யாணம், காதுகுத்து, திறப்பு விழா என்று வெளியே போய் எடுப்பது என் வேலை. என் படங்களில் பாதியில் மாப்பிள்ளைக்குத் தலை இருக்காது. அப்படிப்பட்ட என்னைத்தான் இந்தச் சிலையின் திறப்பு விழாவுக்கு அனுப்பினார்.

சிலையை வைத்தவர் தனசேகர். வயலை வாங்கி மனையாகப் போட்டு விற்று மேலே வந்தவர். அப்பா நினைவாக ஊருக்கு நீரூற்று கொடுத்தார். அப்பாவின் பெயர் கல்வெட்டில் சின்னதாகவும் அவர் பெயர் பெரியதாகவும் இருந்தது. சாயங்காலம் நாதஸ்வரம், கலர் பல்பு, சென்னையிலிருந்து ஒரு பிரமுகர். என் கேமராவில் கருப்பு வெள்ளை ஃபிலிம். அத்தனை கலரும் சாம்பலாக விழப்போகிறதே என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

பிரமுகர் சுவிட்சைத் தட்டினார். சிமெண்டுப் பெண் குடத்திலிருந்து தண்ணீர் கொட்டினாள். கைதட்டல். அப்போது கூட்டத்தை இடித்துக்கொண்டு ஒரு பெண் முன்னால் வந்தார். பிளாஸ்டிக் குடத்தோடு தொட்டிக்குள் இறங்கி, சிலையின் குடத்துக்குக் கீழே தன் குடத்தைப் பிடித்தார். முழங்கால்வரை சேலை நனைந்தது. ஸ்டெல்லா அக்கா. பின்னால் இருக்கும் காலனியில் குடியிருந்தவர். அவருடைய அம்மா அப்பா கூலிக்கு நாற்று நட்ட வயலைத்தான் தனசேகர் மனையாக்கியிருந்தார். அக்கா ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தார்.

தனசேகரின் ஆள் ஓடி வந்தான். "ஏய், இன்னா பண்ற? ஏறு மேல!"

"தண்ணி புடிக்கிறேன். கண்ணு தெரீல?"

"இது அழகுக்கு வெச்சிகீது!"

"நான் இன்னா அசிங்கமாவா புடிக்கிறேன்? எங்க தெருக் கொழாய்ல ஒரு வாரமா காத்து வந்துகினு கீது. இங்க மேல போயி கீழ வுழுவுது. ஊருக்குக் குடுத்த தண்ணின்னு இப்பதான மைக்ல சொன்னீங்க? நாங்க ஊரு இல்லியா?"

அதற்குள் காலனிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் குடங்களோடு இறங்கிவிட்டார்கள். அடிதடி ஆகிவிடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் பிரமுகர் இருக்கிறாரே, அவர் இதை நிகழ்ச்சியில் ஒரு அயிட்டம் என்று நினைத்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து நின்று கைதட்டினார். அவர் தட்டினால் மேடை தட்ட வேண்டும். மேடை தட்டினால் தனசேகரும் தட்ட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினார். எப்படியோ அந்த நேரத்தில் என் ஃபிளாஷ் வேலை செய்தது.

மறுநாள் பிரிண்ட் போட்டபோது அந்த ஒரு படம்தான் தெளிவாக விழுந்திருந்தது. மேலே சிமெண்டுப் பெண் சாய்க்க, கீழே ஸ்டெல்லா அக்கா ஏந்துகிறார். பின்னால் தனசேகர் கைதட்டுகிறார். மதியம் அக்கா கடைக்கு வந்தார். "தம்பி, நான் கீற படம் கீதா? கல்யாணத்துக்கு அப்புறம் யாரும் என்னிய படம் புடிச்சதே இல்ல." ஈரம் காயாத பிரிண்டை எடுத்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் தனசேகர் வந்தார். "அந்தப் பொம்பள இருக்கிற படம் ஒண்ணுகூட வெளிய வரக் கூடாது." பாபு அண்ணன் ஃபிலிமோடு மிச்சப் பிரிண்டுகளையும் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். ஒரு பிரிண்ட் வெளியே போய்விட்டதை நான் சொல்லவில்லை. தைரியமெல்லாம் இல்லை. வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து மனு வாங்குகிற நாளில் அக்கா காலனிப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், மனுவோடு அந்தப் படத்தையும் மேசையில் வைத்தார். அதிகாரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல யாரும்மா நீங்க?" என்று கேட்டாராம்.

"கீழ நிக்கிறது நானு. மேல நிக்கிறது சிமெண்டு."

அதிகாரி சிரித்துவிட்டார். சிரித்தவரால் அப்புறம் மறுக்க முடியவில்லை. மழைக்காலம் தொடங்கும் முன்பே காலனி முனையில் புதிதாகத் தனி லைன் போட்டுக் குழாய் வந்தது. அந்தச் சமயம் நீரூற்றின் மோட்டார் புகைந்து போயிருந்தது. சரிசெய்ய யாரும் வரவில்லை. தனசேகர் அடுத்த வயலுக்குப் போய்விட்டார்.

"நம்ம பெண்களுக்கும் தண்ணிக்கும் உள்ள பந்தத்தை இந்தச் சிலை எவ்ளோ அழகா சொல்லுது பாருங்க" என்றார் மைக் இளைஞர்.

"தம்பி, இதுல நிஜமாவே தண்ணி புடிச்சிருக்காங்க" என்றேன்.

"வாவ் சார்! இதை ஒரு ரீலா போடலாமே" என்று போனை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் பொங்கல் வந்துவிட்டதாக யாரோ கூப்பிட்டார்கள். போன் பொங்கல் பக்கம் திரும்பிவிட்டது.

சாப்பிட்டுவிட்டு, ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தனியாகக் காலனிப் பக்கம் போனேன். நடை போன வழியில் அந்தத் தெரு இல்லை. ஏன் இருக்கப்போகிறது? குழாய் இருந்த இடத்தில் ரோட்டை அகலப்படுத்தியிருந்தார்கள். அதையொட்டிக் கேன் தண்ணீர் விற்கிற கடை. பக்கத்து டீக்கடையில் கேட்டேன். "கொழாயா? இங்கயா?" என்றான் பையன்.

இத்தனை வருஷமாகப் பழக்கம் விட்டுப்போகாத ஸ்டெல்லா அக்காவுக்குப் போன் போட்டேன். இப்போது சென்னைப் பக்கம் படூரில் மகள் வீட்டில், ஒன்பதாவது மாடியில் இருக்கிறார்.

"அக்கா, உங்க தெருலதான் நிக்கிறேன். குழாயை எடுத்துட்டாங்க."



"பாழாப்போனவனுங்க. நல்லாத்தான வந்துகினு இருந்துச்சி?" என்றார். அப்புறம், "இங்க லாரித் தண்ணி தம்பி. சோப்பு தேச்சா நொரையே வர்ல. அந்தக் கொழாத் தண்ணில ஒரு தபா தேச்சா போதும், எத்தினி சொம்பு ஊத்தினாலும் சோப்பு வழுவழுப்பு போவாது" என்றார்.