பொட்டு வைத்த கன்பூசியஸ்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் நான் வேலை பார்க்கும் மளிகைக் கடையில், கல்லாவுக்கு மேல் தட்டில், பிள்ளையாருக்குப் பக்கத்தில் தாடி வைத்த ஒரு பீங்கான் சிலை நிற்கிறது. சீனர்களின் செல்வக் கடவுள் என்று சொல்லிப் பழைய சாமான் சந்தையில் யாரோ முதலாளியின் தலையில் கட்டியது. அவரும் நம்பி, தினமும் பிள்ளையாருக்கு வைத்த கையோடு தாடிக்காரருக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைப்பார்.

முதலாளியை நாங்கள் அண்ணை என்றே கூப்பிட்டோம். யாழ்ப்பாணத்தில் அவர் கணித ஆசிரியர். இங்கே எந்தப் பள்ளிக்கூடமும் அவரை எடுக்கவில்லை. தான் வெங்காயம் நிறுப்பதைப் பழைய மாணவர்கள் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் அவருடைய பெரிய கவலை. தெரிந்த முகம் வாசலில் தென்பட்டால் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய்விடுவார். "சேர் நிக்கிறாரோ?" என்று கேட்பவர்களிடம் "இல்லை, வெளியில போயிட்டார்" என்று பொய் சொல்வது என் பொறுப்பு. அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் பாகற்காய் வாங்க வந்த சீனத் தாதி ஒருவர் சிலையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அது கன்பூசியஸ், செல்வக் கடவுள் இல்லை, வாத்தியார் என்றார். பதவி தேடி நாடு நாடாக அலைந்தவராம். எந்த அரசனும் நிலையாக வைத்துக்கொள்ளவில்லையாம். கூடவே நடந்த மாணவர்கள், அவர் இறந்தபின் சமாதியருகே மூன்று வருடம் துக்கம் காத்தார்களாம், ஒருவர் மட்டும் ஆறு வருடம். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடம் கழித்தும் அவரைத் தெரியாத பிள்ளை தங்கள் ஊரில் இல்லை, அந்த அரசர்களின் பெயர்தான் தனக்கே தெரியாது என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "வேலை கிடைக்காத வாத்தியாருக்கு ஆர் பொட்டு வைக்கிறது எண்டு பாருங்கோ அண்ணை!" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாளும் அவர் பொட்டு வைத்தார், வழக்கத்தைவிட நிதானமாக. அடுத்த வாரம் தலை நரைத்த ஒருவர் வந்து சேரைக் கேட்டார். நான் வழக்கமான பொய்யைத் தொடங்குமுன், சட்டையெல்லாம் வெங்காயச் சருகோடு அண்ணை மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார்.

"நிக்கிறன் தம்பி. கணக்கு இப்பவாவது வருதோ?"

வந்தவர் கடை நடுவில் குனிந்து அவர் காலைத் தொட்டார். அண்ணை அழுதார். நானும்தான்.

போன குளிர்காலத்தில் அண்ணை காலமானார். இப்போது கல்லாவில் நான். காலையில் இரண்டு பேருக்கும் பொட்டு வைக்கிறேன். செய்தி தெரியாத மாணவர் யாராவது இன்னமும் வந்து, "சேர் நிக்கிறாரோ?" என்கிறார். அண்ணை பத்தடி தூரத்தில் நின்றபோது எத்தனையோ தடவை கூசாமல் "இல்லை" என்றவள் நான். இப்போது அந்தச் சொல் வாயில் வரமாட்டேன் என்கிறது.