ஏசு எந்தத் தெரு?

போன ஞாயிற்றுக்கிழமை அரியலூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் முப்பத்தைந்து நிமிஷம் பேசினேன். பேசி முடித்தபோது ஊர் இரண்டாகியிருந்தது.

இல்லை, தப்பு. ஊர் ஏற்கெனவே இரண்டாகத்தான் இருந்தது. மேலத்தெரு, கீழத்தெரு. நான் செய்ததெல்லாம் அதற்கு வேத ஆதாரம் எடுத்துக் கொடுத்ததுதான்.

சரித்திர வாத்தியாரை மேடை ஏற்றினால் வேறென்ன நடக்கும்?

பெரம்பலூரில் ஒன்பதாம் வகுப்புக்கு யூத மதம், கிறிஸ்தவ மதம் இரண்டையும் ஒரே பீரியடில் நடத்துகிறவன் நான். முதல் இருபது நிமிஷத்தில் யூத மதத்தைத் தோற்றுவிப்பேன். அடுத்த இருபதில் கிறிஸ்தவத்தை உலகமெங்கும் பரப்புவேன். மிச்சமிருக்கிற ஐந்து நிமிஷத்தில் கோடிட்ட இடங்களை நிரப்பச் சொல்வேன். உலகத்தைப் படைக்கக் கடவுளுக்கே ஆறு நாள் ஆயிற்று. எனக்கு நாற்பத்தைந்து நிமிஷம்.

இந்தத் திறமையை நம்பித்தான் அந்த ஊர்ப் பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டார். இளவயது. பஸ்ஸில் பக்கத்து சீட்டாக அறிமுகம்.

“சார், எங்க ஊர்ல ஈஸ்டருக்கு பாஸ்கா போடுவாங்க. ஏசுவோட பாடுகள நாடகமா நடிக்கிறது. அதுல நடிக்கிறவங்களுக்கு யூதர்னா யாருன்னே தெரியல. ஏசுவ அடிச்சவன் யூதன், அவ்வளவுதான். ஏசுவே யூதர்தான்யான்னா, என்னயப் பாத்து ‘சாமிக்கு வெயிலு ஒத்துக்கல’ங்கறாங்க. நீங்க வந்து சொல்லுங்க.”

“நான் இந்துங்களே?”

“அதான் சார் வேணும். உங்களுக்குப் பொய் சொல்லி என்ன ஆவப்போவுது?”

அதோடு இன்னொன்றும் சொன்னார். அதுதான் நிஜமான சிக்கல்.

அந்த நாடகத்தில் வேஷங்கள் பரம்பரைப் பாத்தியம். ஏசு, மாதா, பன்னிரண்டு சீடர்கள் எல்லாம் மேலத்தெரு. சாட்டையால் அடிக்கிற சேவகர்கள், ‘சிலுவையில் அறை’ என்று கத்துகிற யூதர் கூட்டம், சிலுவையைக் கொட்டகைக்குத் தூக்கி வருகிற வேலை எல்லாம் கீழத்தெரு. பரிசுத்தவான்களுக்கு ஜரிகை வேட்டி; யூதர்களுக்குக் கன்னத்தில் கரி, தலையில் அட்டைத் தொப்பி. இந்த வருஷம் ஏசுவாக நடிக்கிறவர் வேலை கிடைத்து பம்பாய் போய்விட்டார். இடம் காலி.

கீழத்தெரு இருதயராஜுக்கு அதன்மேல் கண். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்க்கிறவன். ஆறு வருஷமாக ஏசுவைச் சாட்டையால் அடித்து அடித்தே ஏசுவின் வசனம் அத்தனையும் அவனுக்கு மனப்பாடம். நல்ல குரல். தாடிகூட வளர்த்துவிட்டான்.

“நீங்க வந்து பேசினா, கொஞ்சம் எளகுவாங்க சார்” என்றார் சாமியார்.

என் பேச்சைக் கேட்டு இதுவரை ஒன்பதாம் வகுப்பே இளகியதில்லை. ஆனாலும் போனேன். மேடை என்றால் யாருக்குத்தான் ஆசையில்லை?

கோயிலை ஒட்டி ஒரு ஓட்டுக் கொட்டகை. முன்னால் பெஞ்சு போட்டு மேலத்தெரு. பின்னால் பாய் விரித்துக் கீழத்தெரு. மூலையில் தேர்த்திருவிழா மரச் சுரூபங்கள், ஏசுவும் புனிதர்களும், துணி போர்த்தி.

ஆபிரகாமில் ஆரம்பித்தேன். எழுபத்தைந்து வயதில் கடவுள் ‘கிளம்பு’ என்றார். மனுஷர் ஏன் எதற்கென்று கேட்காமல் கிளம்பிவிட்டார். (எனக்கு அரியலூருக்கு மாற்றல் வந்தபோது மூன்று டாக்டர் சர்ட்டிபிகேட் கொடுத்தவன் நான். அதை அங்கே சொல்லவில்லை.) கடவுள் ஒருவரே. நீங்கள் என் ஜனம், நான் உங்கள் கடவுள் என்று ஒப்பந்தம். அவருக்குச் சிலை செய்யக்கூடாது. இதைச் சொன்னபோது மூலையிலிருந்த சுரூபங்கள் எதுவும் ஆட்சேபிக்கவில்லை.

எகிப்துக்கு வந்தேன். அங்கே இந்த ஜனம் தலைமுறை தலைமுறையாக அடிமை. ராஜாவுக்குச் செங்கல் அறுக்க வேண்டும். வைக்கோல் கொடுக்கமாட்டான், ஆனால் செங்கல் எண்ணிக்கை மட்டும் குறையக்கூடாது. மோசே வந்து கடவுள் பெயரால் அவர்களை மீட்டுக் கூட்டிப் போனார். புறப்பட்ட அவசரத்தில் மாவு புளிக்கக்கூட நேரமில்லை. புளிக்காத அப்பத்தைத் தின்றுவிட்டு நடந்தார்கள். அந்த விடுதலைச் சாப்பாட்டை இன்றைக்கும் யூதர் வருஷாவருஷம் சாப்பிடுகிறார்கள். அதற்குப் பெயர்தான் பாஸ்கா. உங்கள் நாடகத்தின் பெயரே அங்கிருந்து வந்ததுதான்.

பெஞ்சில் கொட்டாவி. பாயில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பிறகு மீட்பர் ஒருவர் வருவார் என்று அந்த ஜனம் காத்திருந்த கதை. ஏசு வந்தார். ‘நாம் காத்திருந்தவர் இவர்தான், கடவுளே மனிதராக வந்து, நம் பாவத்துக்காகச் செத்து, மூன்றாம் நாள் எழுந்தார்’ என்று நம்பியவர்கள் கிறிஸ்தவர்கள். ‘இவர் இல்லை, இனிமேல்தான் வருவார்’ என்றவர்கள் யூதர்களாகவே இருந்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் பார்த்ததில்லையா? ஒரே ஊருக்குப் போகிறவர்கள்தான். பாதிப்பேர் ஏறிவிடுகிறார்கள். பாதிப்பேர் ‘நம்ம வண்டி இது இல்லப்பா’ என்று நிற்கிறார்கள். அதற்காக நிற்கிறவன் முகத்தில் கரி பூசலாமா? அடுத்தவனை உன்னைப்போல நேசி என்பதுகூட முதலில் யூதர்களின் சட்டம்தான். ஏசு அதை அழுத்திச் சொன்னார். ஏனென்றால் அவரே யூதர். மாதா யூதர். தலைமைச் சீடர் இராயப்பர் யூதர். பன்னிரண்டு சீடரும் யூதர்...



முன்பெஞ்சில் ஒரு துண்டு தோளிலிருந்து இறங்கியது. ஞானாதிக்கம். நாடகக் கமிட்டித் தலைவர். மூன்று தலைமுறையாக இராயப்பர் வேஷம் அவர்கள் வீட்டுச் சொத்து.

“சார், மத்ததெல்லாம் நல்லா பேசினீங்க. அந்தக் கடைசி விஷயத்த மட்டும் வாபஸ் வாங்கிக்கிடுங்க.”

“எதைங்க?”

“இராயப்பரு யூதருன்னது. நான் முப்பது வருஷமா அந்த வேஷம் கட்டறேன். எனக்குத் தெரியாதுங்களா?”

நான் பணிவாக மறுத்தேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு நம் நாட்டில் எந்த ஆராய்ச்சியும் கடைசியில் வந்து நிற்கிற அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“சரி, யூதருன்னா... நம்ம பக்கம் எந்தச் சாதிக்குச் சமானங்க சார்?”

இங்கேதான் நான் சறுக்கினேன். ‘அதெல்லாம் கிடையாது’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். படித்ததைக் கொட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராதே!

“சாதின்னு இல்லைங்க. அவங்கள்ல பன்னிரண்டு கோத்திரம் உண்டு...”

பெஞ்சு முழுக்க ஒரு நிம்மதிப் பெருமூச்சு. ஏதோ சொந்தக்காரனைக் கண்டுபிடித்துவிட்டது போல.

“பன்னெண்டு இருக்குல்ல! அப்படிச் சொல்லுங்க. ஏசு எதுல வராரு?”

“யூதா கோத்திரம். தாவீது ராஜா வம்சம்னு...”

“ராஜ வம்சம்!” ஞானாதிக்கம் பின்பக்கம் திரும்பினார். “கேட்டுக்கங்கப்பா. சாரு வேத்து மதத்துக்காரரு, பொய் சொல்ல மாட்டாரு. ராஜ வம்சமாம். கண்டவன் கட்டற வேஷமா அது?”

சாமியார் என்னைப் பார்த்தார். நான் சுரூபங்களைப் பார்த்தேன்.

பாயிலிருந்து இருதயராஜ் எழுந்தான்.

“சார், ஒரு சந்தேகங்க. அந்தச் சாமி, அடிமையா கெடந்தவங்கள மீட்டுக்கிட்டு வந்த சாமின்னு சொன்னீங்க. மேலத்தெருவுல யாரு சார் அடிமையா கெடந்தது?”

“டேய், உக்கார்றா.”

“இருங்கய்யா, கேட்டுக்கறேன். ராஜ வம்சந்தான், ஒத்துக்கறேன். ஆனா பொறந்தது மாட்டுக்கொட்டாயில. இங்க பெஞ்சுல இருக்கறவங்கள்ல யாரு மாட்டுக்கொட்டாயில பொறந்தது? நான் பொறந்திருக்கேன் சார். இவங்க வூட்டுக் கொட்டாயிலதான். சாணி அள்ளிக்கிட்டு இருந்தப்ப எங்கம்மாவுக்கு வலி வந்துடுச்சு.”

‘இவங்க வூட்டு’ என்றபோது அவன் விரல் ஞானாதிக்கத்தின் பக்கம் நீண்டிருந்தது.

என் முப்பத்தைந்து நிமிஷத்தை அவன் அரை நிமிஷத்தில் முடித்துவிட்டான். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

சாமியார் சட்டென்று எழுந்தார். “பேச்சு போதும். ஒத்திகை பாப்போம். கடைசி இராப்போசனம். இன்னிக்கு ஏசு, இருதயராஜ். சீடருங்க வந்து உக்காருங்க.”

முனகல். ஆனால் சாமியார் வார்த்தை. பன்னிரண்டு பேரும் வரிசையாகச் சம்மணம் போட்டார்கள்.

முதல் காட்சி, ஏசு சீடர்களின் கால்களைக் கழுவுவது. இருதயராஜ் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு தாம்பாளத்தோடு குனிந்தான். மேலத்தெருக்காரர்கள் என்ன சொல்வார்களோ?

ஒன்றும் சொல்லவில்லை! பன்னிரண்டு ஜோடிக் கால்களும் சந்தோஷமாக நீண்டன. வேதத்தின்படி இராயப்பர் முதலில் ‘என் காலை நீர் கழுவுவதா’ என்று மறுக்க வேண்டும். ஞானாதிக்கம் அந்த வசனத்தையே விட்டுவிட்டார். “வெரலு இடுக்குலயும் நல்லா தேயிப்பா” என்று மட்டும் சொன்னார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே சொற்பொழிவில் சாதியை ஒழித்துவிட்டேனே! இந்த வாரப் பத்திரிகைப் பத்திக்குத் தலைப்புகூட மனசுக்குள் போட்டுவிட்டேன். (அந்தத் தலைப்பு இது இல்லை.)

அடுத்து, அப்பம். ஒத்திகைக்கு டீக்கடை பன். இருதயராஜ் கையைத் துடைத்துக்கொண்டான். பன்னை உயர்த்தி ஏசுவின் வசனத்தைச் சொன்னான். அப்படியொரு குரல்! பின்பாயில் ஒரு அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். பன்னைப் பிட்டு முதல் துண்டை இராயப்பரிடம் நீட்டினான்.

இராயப்பர் வாங்கவில்லை.

“நான் ஒருசந்தி” என்றார். தவக்காலத்தில் ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிற விரதம் அது.

“ஞாயித்துக்கெழம ஏதுய்யா ஒருசந்தி?” என்றார் சாமியார்.

“நேத்துப் பாக்கி சாமி.”

அடுத்த சீடருக்குப் பல்வலி. அதற்கடுத்தவருக்கு பன் ஆகாது, பித்தமாம். ஒருத்தர் “ஒத்திகைதான, தின்ன மாதிரி வாய அசைச்சாப் போதாதா?” என்றார். கால் கழுவும்போது, கழுவிய மாதிரி கையை அசைத்தால் போதும் என்று ஒருத்தரும் சொல்லக் காணோம்.

சாமியாருக்கு முகம் சிவந்துவிட்டது. “கோயில்ல என் கையால நன்மை அப்பம் வாங்கறீங்களே, நான் எந்தத் தெருன்னு கேட்டா வாங்கறீங்க?”

“கேக்கல சாமி” என்றார் ஞானாதிக்கம் மரியாதையாக. “நீங்க வரதுக்கு முன்னாடியே விசாரிச்சிட்டோம்.”

கிறிஸ்தவத்தின் அடிப்படைக் கொள்கைகள் என்று நான் ஐந்து மார்க்குக்கு ஒரு கேள்வி கேட்பது வழக்கம். இந்த விடை எந்த நோட்ஸிலும் இல்லை.

ஞானாதிக்கம் எழுந்து துண்டை உதறினார். சமாதானமாகத்தான் பேசினார். “எதுக்கு சாமி வம்பு? இந்த வருஷம் ஏசுவுக்கு ஆளே வாணாம். அந்தா நிக்குதுல்ல, ஏசு சுரூபம், அதையே வச்சு நடத்திடுவோம். மரம்னா யாருக்கும் பிரச்சின இல்ல.”

“ஏசு இருதயராஜ்தான். முடிவு பண்ணியாச்சு” என்றார் சாமியார். “மரந்தான் வேணும்னா, பூசை வைக்கவும் ஒரு மரத்தப் பாத்துக்கங்க. நான் மூட்டையக் கட்டறேன்.”

“அப்ப சீடருங்களையும் நீங்களே பாத்துக்கங்க.”

இராயப்பர் வெளியே போனார். பின்னாலேயே பல்வலி. பித்தம். ஒவ்வொருத்தராகக் கழுவின காலைச் செருப்பில் நுழைத்துக்கொண்டு... பதினோரு பேர்.

இருதயராஜின் கை நீட்டினபடியே இருந்தது. கையில் அந்த பன். பக்கத்தில் தாம்பாளத்தில் பன்னிரண்டு பேர் காலழுக்கு. வேஷம் கிடைத்துவிட்டது அவனுக்கு. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் கிடைத்தவன் முகம் மாதிரி இல்லை.

சாமியார் மெல்ல என் பக்கம் திரும்பினார். “சார், நீங்க கொஞ்சம் வந்து உக்காருங்களேன்.”

கொட்டகை மொத்தமும் என்னைப் பார்த்தது.

சாதி கிடையாது என்று ஊர் ஊராகப் பேசுகிறவன். எழுதுகிறவன். என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

“எனக்கென்னங்க, தாராளமா... ஆனா நான் வேற மதம் பாருங்க. வேஷம்னாலும் உங்க ஜனங்க மனசு புண்படும்...” என்றேன். அடுத்தவர் மனசு புண்படுமே என்று நாம் கவலைப்படுகிற நேரங்களைக் கவனித்திருக்கிறீர்களா? நமக்கு ஏதாவது தொண்டையில் இறங்காத நேரமாகத்தான் இருக்கும்.

இருதயராஜ் என்னைப் பார்த்துச் சிரித்தான். “பரவால்ல சார்” என்றான். இதுவரை என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். எதுவும் இப்படி வலித்ததில்லை.

அப்போதுதான் வரிசையின் கடைசியில் ஒருவர் இன்னும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். சவரிமுத்து. சைக்கிள் கடை வைத்திருக்கிறவர். மேலத்தெருதான். ஆனால் பதினாலு வருஷத்துக்கு முன்னால் யாருமே வேண்டாமென்ற யூதாஸ் வேஷத்தை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். அன்றையிலிருந்து ஊருக்குள் அவருக்குப் பேரே அதுதான். பெண் பார்க்க வந்தவர்கள்கூட ‘யூதாஸ் வூடு எதுங்க?’ என்றுதான் விசாரித்தார்களாம்.

“அவுங்க கெடக்கறாங்க. குடு தம்பி” என்றார், கையை நீட்டி. “பதினாலு வருஷமா இந்த எடத்துல அப்பத்த வாங்கிக்கிட்டு, காட்டிக் குடுக்க எந்திரிச்சு ஓடறதே என் வேலையாப் போச்சு. இன்னிக்காவது உக்காந்து திங்கறேன்.”

தின்றார். நிதானமாக. இன்னொரு துண்டும் கேட்டு வாங்கினார்.

வேதத்தில் காட்டிக் கொடுத்தவன் ஒருத்தன். தங்கினவர்கள் பதினோரு பேர். அன்றைக்குத் தங்கினவர் ஒருத்தர். காட்டிக் கொடுத்தவர்கள் பன்னிரண்டு பேர் — பதினோரு பேர் மேலத்தெரு, ஒருத்தன் பெரம்பலூர்.