தோட்டக்காரன் சீட்டு

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை பட்டணத்துக் கடையில் நீங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு விளையாட்டுப் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தீர்கள். பெரியவன் கையில் இருந்தது கொலைகாரனைக் கண்டுபிடிக்கிற ஆட்டம். மூடியில் ஒரு மாளிகை, அதன் மாடி ஜன்னலில் ஓர் ஆள் நிழல். நான் வெளியே வந்து நின்றுவிட்டேன். அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்து நீங்களும் பெட்டிகளை வைத்துவிட்டு வந்தீர்கள். எனக்குக் கோபம் இல்லை. அதே மாதிரி ஒரு பெட்டியை நான் வெகுநாள் தூசி துடைத்து வைத்திருக்கிறேன். அதை ஆடிய ஒருவரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில், எனக்குக் கல்யாணம் ஆகும் முன்பு, செங்கல்பட்டில் ஒரு கிளப்பில் மார்க்கராக இருந்தேன். மார்க்கர் என்றால் டென்னிஸ் ஆடும் இடத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது, வலை கட்டுவது, பொழுது சாய்ந்ததும் உள்ளே விளக்கைப் போட்டு மேசைகளைத் துடைப்பது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவனுக்கு அது நல்ல வேலை. வக்கீல்கள், பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர் எல்லாரும் வருவார்கள். அலமாரியில் விளையாட்டுப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். யாருக்கு எதை எடுத்துப் போடுவது என்பது யாரும் சொல்லாமலே என் பொறுப்பாகிவிட்டது.

அதில் எனக்கு ஒரு கணக்கு உண்டு. தோற்றால் முகம் சுருங்குகிறவருக்கு ஆளை ஆள் வெட்டுகிற ஆட்டம் கூடாது. பகடை உருட்டுகிற ஆட்டம் கொடுத்தால் பழியைப் பகடை மேல் போட்டுவிட்டுச் சிரித்த முகமாக வீட்டுக்குப் போவார். மனசில் இருப்பது நெற்றியில் தெரிகிற ஆளை ரகசியம் வைக்கிற ஆட்டத்தில் உட்கார வைக்கக் கூடாது, அவருக்குக் கேரம். சின்னப் பிள்ளைகளுக்கு ராஜா, மந்திரி, போலீஸ், திருடன் என்று எழுதி மடித்த காகிதத் துண்டுகள் போதும். ஒரு சுற்று நொடியில் முடியும், திருடனாக வந்தவன் அடுத்த சுற்றில் ராஜாவாகிவிடலாம். கொலை ஆட்டம் அப்படி இல்லை. அதற்கு ஞாபகம் வேண்டும், பொறுமை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, தப்பான ஆளைக் குற்றவாளி என்று சொல்லிவிட்டால் ஆட்டத்தை விட்டு விலகி, மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதைத் தாங்குகிற ஆட்கள் குறைவு. நம் ஊரில் வேலை பார்த்துவிட்டுக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் அந்தப் பெட்டியைக் கிளப்புக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதைக் கேட்டு வாங்கி ஆடினவர்கள் அபூர்வம்.

செஷன்ஸ் ஜட்ஜ் ஐயாவும் கிளப்புக்கு வருவார். ஒல்லியான மனிதர், கான்வாஸ் செருப்பைக் கூட சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாக வைத்திருப்பார். டென்னிஸ் ஆடிவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்து தனியாகச் சீட்டு அடுக்குவார். வக்கீல்கள் கூப்பிட்டாலும் போக மாட்டார். ஒருநாள் தண்ணீர் கொண்டுபோய் வைத்தபோது அவராகவே சொன்னார். "மார்க்கர், நாளைக்கு என் முன்னால நிக்கப்போறவர் இன்னிக்கு என்கிட்ட தோத்தாலும் தப்பு, ஜெயிச்சாலும் தப்பு." இவருக்கு எந்தப் பெட்டியை எடுத்துப் போடுவது என்று மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை.

அந்த ஐப்பசியில் அவர் முன்னால் ஒரு கொலை வழக்கு நடந்துகொண்டிருந்தது. மகாபலிபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில், மச்சானை அடித்துக் கொன்றுவிட்டான் என்று ஒருவனைக் கூண்டில் நிறுத்தியிருந்தார்கள். முதல்நாள் சாயங்காலம் இரண்டு பேருக்கும் வலையைப் பங்கு பிரிப்பதில் வாய்ச்சண்டை. விடிந்தபோது மச்சான் கரைப் பாறைகளுக்கு நடுவே மண்டை உடைந்து கிடந்தான். பக்கத்தில் இவனுடைய துடுப்பு. அடித்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை. பிரேதத்தை அறுத்துப் பார்த்தவர் நம் கிளப்புக்கு வருகிற டாக்டர்தான். இந்தத் துடுப்பால் அடித்தால் இந்தக் காயம் ஏற்படுமா என்று சர்க்கார் வக்கீல் கேட்டார், ஏற்பட்டிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். சர்க்கார் செலவில் கைதிக்காக வைத்த சின்ன வக்கீல் மறு கேள்வி எதுவும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டார். சாட்சிகள் முடிந்து, வாதம் முடிந்து, திங்கட்கிழமை தீர்ப்பு என்று சொல்லியிருந்தார்கள். தூக்குதான் என்று ஊரே பேசியது.

இறந்தவனுக்குத் தங்கையும் கைதிக்குப் பெண்டாட்டியுமான பெண் தினமும் கோர்ட்டு வாசல் மரத்தடியில் வந்து உட்கார்ந்திருப்பாள். கிளப்புக்கும் கோர்ட்டுக்கும் நடுவில் ஒரு ரோடுதான். டீக்கடையில் ஒருவன் அவளிடம், "இன்னாம்மா, உன் புருசன் செஞ்சானா இல்லியா, உனக்குத் தெரியாமலா கீது?" என்று கிண்டலாகக் கேட்டான். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியாது நைனா. அண்ணன மண்ணுல வெச்சிட்டு வந்துகீறேன். இவரும் பூட்டா நான் எந்த வூட்டுக்குப் போவேன்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளப்பார் எல்லாரும் மகாபலிபுரம் போனார்கள். வருஷத்துக்கு ஒருமுறை போகிற உல்லாசப் பயணம். திருக்கழுக்குன்றம் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. கடற்கரை பங்களாவில் அடைந்து கிடக்க வேண்டியதாயிற்று. வக்கீல்கள் ரம்மிக்கு உட்கார்ந்தார்கள். பெண்கள் தாயக்கட்டையை உருட்டினார்கள். ஜட்ஜ் ஐயா கடலுக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டார். எல்லாரும் கடலைப் பார்க்க வந்த இடத்தில் இவர் ஏன் சுவரைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஜன்னலுக்கு வெளியே பாறைகள் தெரிந்தன. தீர்ப்பு எழுதப்போகிறவர் சாட்சிக் கூண்டில் வராத எதையும் கண்ணால் பார்த்து மனசில் ஏற்றிக்கொள்ளக் கூடாது என்று இருந்திருக்கிறார். இது எனக்குப் பிறகு புரிந்தது.

டாக்டரும் ஹெட்மாஸ்டரும் அவருக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேர். செஸ் என்றால் ஒருவர் வெளியே. சீட்டுக்கட்டு வக்கீல்கள் கையில். நான் கிளப்பிலிருந்து கொண்டுவந்திருந்த கொலை ஆட்டப் பெட்டியை எடுத்து வைத்தேன். மூடியைப் பார்த்த ஜட்ஜ் ஐயா, "ஞாயித்துக்கிழமையும் எனக்குக் கொலையா?" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். "ஆடுவோம் சார், இதுல பிரேதம் நாறாது."

ஆட்டம் இதுதான். ஒரு வீட்டில் கொலை. சில ஆட்கள், சில ஆயுதங்கள், சில அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. ஆள் ஒன்று, ஆயுதம் ஒன்று, அறை ஒன்று என்று மூன்று சீட்டை யாரும் பார்க்காமல் உறையில் போட்டுவிடுவார்கள். மீதியைப் பங்கு போடுவார்கள். ஒருவர் தன் முறையில் ஓர் ஆள், ஓர் ஆயுதம், ஓர் அறை மூன்றையும் சொல்லிக் கேட்பார். அடுத்தவரிடம் அதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அவருக்கு மட்டும் காட்ட வேண்டும். கையில் இருப்பது உறையில் இருக்க முடியாது. இப்படிக் கழித்துக் கழித்து உறையில் இருப்பதைக் கண்டுபிடிப்பது.

முதல் முறை ஜட்ஜ் ஐயாவுடையது. தோட்டக்காரன், கயிறு, புத்தக அறை என்று கேட்டார். கயிறும் புத்தக அறையும் அவர் கையிலேயே இருந்தன, தோட்டக்காரனைத்தான் தேடினார். ஹெட்மாஸ்டர் இல்லை என்றார். டாக்டரும் இல்லை என்றார். தோட்டக்காரன்தான் என்று அவர் மனசில் அப்போதே முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் ஆளைத் தேடவே இல்லை, ஆள் பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் தன் கையில் இருந்த சீட்டையே சொன்னார். ஆயுதத்தையும் அறையையும் மட்டும் நிதானமாகக் கழித்துக்கொண்டு வந்தார். கடைசியில் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "தோட்டக்காரன், கத்தியால், சமையலறையில்" என்றார். உறையைப் பிரித்தார். கத்தி இருந்தது. சமையலறை இருந்தது. ஆள் மட்டும் வேறு, அந்த வீட்டு மருமகன்.

டாக்டர் தன் கையிலிருந்து தோட்டக்காரன் சீட்டை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"முதல்லயே உங்ககிட்ட இருந்ததா?" என்று ஜட்ஜ் ஐயா கேட்டார்.

"இருந்தது சார். மூணும் இருந்தாத்தான் காட்டணும்னு நெனச்சுட்டேன். அப்புறம் நீங்க ஒண்ணு ஒண்ணா காட்டறதைப் பார்த்து தப்புன்னு தெரிஞ்சுது."

"தெரிஞ்சதும் சொல்லியிருக்கலாமே."

"திருப்பிக் கேட்டா காட்டலாம்னு இருந்தேன். நீங்க கேக்கலை."

ஹெட்மாஸ்டர் பெரிதாகச் சிரித்தார். டாக்டரும் சிரித்துக்கொண்டே, கூண்டில் ஏறி ஏறி வந்த பழக்கம் என்றார். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் மேலேயிருந்து அதட்டல் விழுமாம். ஜட்ஜ் ஐயா சிரிக்கவில்லை. ஏதோ கேட்க வாய் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். நாற்காலியைத் தள்ளிவிட்டு, மழை விடாத தாழ்வாரத்தில் போய் உலாத்தினார். கோர்ட்டுக்கு வெளியே டாக்டரிடம் வழக்கைப் பற்றி எதையும் கேட்கக் கூடாது என்பதை அவரே தனக்குச் சொல்லிக்கொண்டது போல இருந்தது. சாப்பாட்டுக்கும் வரவில்லை.

திங்கட்கிழமை நானும் கோர்ட்டுக்குப் போய்க் கூட்டத்தோடு நின்றேன். தீர்ப்புப் படிப்பார் என்று எல்லாரும் காத்திருக்க, ஜட்ஜ் ஐயா டாக்டரை மறுபடி கூண்டுக்கு அழைத்தார். சர்க்கார் வக்கீல் எழுந்து ஏதோ சொன்னார். நீங்களும் கேட்கலாம், எதிர்த்தரப்பும் கேட்கலாம், ஆனால் முதலில் நான் கேட்கிறேன் என்றார் ஜட்ஜ் ஐயா. எல்லாம் இங்கிலீஷில். எனக்குப் புரியாததைப் பக்கத்தில் நின்ற கோர்ட்டு டவாலிச் சேவகர் காதில் சொன்னார். இந்தக் காயம் துடுப்பால் மட்டும்தான் ஏற்பட்டிருக்க முடியுமா? டாக்டர் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். இல்லை என்றார். உயரத்திலிருந்து பாறையில் விழுந்தால்? ஏற்பட்டிருக்கலாம். சிப்பி ஒட்டிய பாறை என்றால் காயத்தின் ஓரம் இன்னும் இதுபோலவே இருக்கும் என்றும் சொன்னார். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று ஜட்ஜ் ஐயா கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை என்ற பதில்தான் வரும் என்று அவருக்குத் தெரியும். டாக்டர் இன்று சொன்னதும் முன்பு சொன்ன அதே 'ஏற்பட்டிருக்கலாம்'தான். முன்பு அந்தச் சொல் ஒருவனைத் தூக்குக் கயிறு வரைக்கும் தள்ளிக்கொண்டு போயிருந்தது, இப்போது திருப்பிக் கொண்டுவந்தது. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து மறுநாள் அவனை விடுதலை செய்தார்.

அவன் வெளியே வந்தபோது அவள் அழவில்லை, ஓடிப் போகவும் இல்லை. அவன் முன்னால் நடந்தான். கொஞ்ச தூரம் விட்டு அவள் பின்னால் நடந்தாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்த இடைவெளி குறையவில்லை. அவன் செய்தானா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஜட்ஜ் ஐயாவுக்கும் தெரியாது. அந்த வழக்கில் பிரித்துப் பார்க்க அவருக்கு ஓர் உறை இல்லை.

அன்று சாயங்காலம் டாக்டர் கிளப்பில் மட்டையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். ஜட்ஜ் ஐயா வந்து எதிரே உட்கார்ந்தார். நான் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டே, "இதுக்கு முன்னாடி எத்தனை கேஸ்ல கேக்காம விட்டாங்களோ சார்" என்றார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னு உங்களை அதட்டினவன் நான்தானே" என்றார் ஜட்ஜ் ஐயா.

ஜட்ஜ் ஐயா மாற்றலாகிப் போகும்வரை இரண்டு பேரும் வேறு ஆட்டம் ஆடினார்கள். அந்தப் பெட்டியை யாரும் கேட்கவில்லை, நானும் எடுத்துப் போடவில்லை.

இப்போது நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். வாங்கித் தருகிறேன். பெரியவனும் நடுவிலவளும் நானும் ஆடுவோம். சின்னவனுக்கு இன்னும் இரண்டு வருஷம் போகட்டும், அதுவரை ராஜா மந்திரி போதும். உங்கள் அத்தை வந்தால் பெட்டியை எடுக்க வேண்டாம், ஆட்டத்திலிருந்து விலகி உட்காருவது அவளால் முடியாது. என் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான். முன்னால் தப்பாக இல்லை என்று சொல்லிவிட்டோம் என்று நடுவில் தெரிந்தால், யாரும் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. அந்த நிமிஷமே சொல்லிவிட வேண்டும். ஆட்டம் கெட்டால் கெடட்டும், மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

தீர்ப்பு வந்த அடுத்த வாரம் எனக்கு ஒருநாள் லீவு கிடைத்தது. யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி மகாபலிபுரம் போய், அங்கிருந்து கரையோடு தெற்கே நடந்தேன். குப்பத்துக்கு இந்தப் பக்கமே பாறைகள் இருந்தன. அலை பின்வாங்கியிருந்த நேரம். ஒரு பாறையின் விளிம்பில் சிப்பி அடை அடையாக ஒட்டியிருந்தது. சுற்றிலும் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, உள்ளங்கையை அதன் மேல் வைத்து என் பாரத்தை எல்லாம் போட்டு அழுத்தினேன். தோல் நீளமாகக் கிழிந்தது. டாக்டர் சொன்ன அந்தக் காயத்தின் ஓரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு குனிந்து கடல் தண்ணீரில் கையைக் கழுவினேன்.