கோயில் வாசலும் துருவ நட்சத்திரமும்

திருவனந்தபுரம் வலியசாலையில் வசிக்கும் கணக்கர் சிதம்பரநாதன் விண்மீன்களைப் படம்பிடிப்பவர். தொலைநோக்கியைச் சுமந்து திருப்பும் மவுண்ட் ஒன்றை அஸ்வதி என்னும் பொறியாளரிடம் பழையதாக வாங்கினார். அதன் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்கவேண்டும். அவ்வூரில் அந்நட்சத்திரம் அடிவானருகே தாழ்ந்து, தென்னைகளுக்குப் பின்னே மறைந்தே இருப்பது. ஆகவே தெருக்கோயிலின் வாசல் நேர்கிழக்கென நம்பி, அதைக்கொண்டு வடக்கைக் குறித்தார்.

எடுத்த படத்தை விண்மீன் அட்டவணையோடு ஒப்பிட்ட மென்பொருள், அச்சு பதினொரு பாகை விலகியிருப்பதாக மும்முறை கூறியது. கோயிலை ஐயுறாத அவர் மவுண்டை ஐயுற்றார். அஸ்வதி ஏமாற்றிவிட்டதாக, அவளும் இருக்கும் வானியல் குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதினார்.

மறுநாள் இருட்டத் தொடங்கியதும் அஸ்வதி அவர் மாடிக்கு வந்து, மென்பொருள் காட்டியபடி மவுண்டைச் சற்றே திருப்பினாள். பிழை அரைப்பாகைக்குள் அடங்கியது.

"வடக்கை எதை வெச்சு பார்த்தீங்க, சாரே?"

"கோயில் வாசலை வெச்சு."

"தொழறதுக்கு அந்தக் கிழக்கு போதும். மவுண்டுக்குப் போதாது, கேட்டோ."

சிதம்பரநாதன் தலைகவிழ்ந்தார். "தப்பு என்னோடதுதான். க்ஷமிக்கணும், மோளே."

"எங்கிட்ட சொன்னா மதியா, போதுமா? குரூப்பில அல்லே என்னைக் கள்ளியாக்கினீங்க."

அவர் குழுவில், 'மவுண்டில் பழுதில்லை, பிழை என்னுடையது' என்று எழுதினார். அஸ்வதி படித்தாள்.

"என்ன பிழைன்னு காணலியே."

"அதையும் எழுதணுமா?"

அஸ்வதி தன் கைபேசியில் அவருடைய பழைய பதிவைக் காட்டினாள். அவர் கோயில் வாசலை நம்பியதையும் எழுதினார்.