இலையை நம்பாதவள்

அவள் கைகள் மாதுளைக் குச்சியின் அடியைக் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டின. தண்ணீரில் நனைத்து, வேர்விட வைக்கும் ஹார்மோன் தூளில் முக்கி, அதிகமாக ஒட்டியதைத் தட்டி உதிர்த்தன. தூள் மிஞ்சினால் பட்டை வெந்துபோகும். ஈர மணலில் முதலில் பென்சிலால் குழி, பிறகுதான் குச்சி. நேரே குத்தினால் தூளெல்லாம் மேலேயே வழிந்து நின்றுவிடும்.

வேலை பார்க்கும் நாற்றுப் பண்ணையில், ஓரிடத்தில் நிற்காத அவளுக்குப் பம்பரம் என்று பெயர். ஆனால் இந்தக் குச்சிகள் பண்ணைக்கானவை அல்ல. வீட்டை விற்றுவிட்ட நாத்தனாருக்கானவை. வாங்கியவர்கள் கார் நிறுத்துவதற்காக, வந்த கையோடு அங்கிருந்த மாதுளை மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். அதிலிருந்து எடுத்த இவை பிடிக்காவிட்டால் அந்த மாதுளை அத்தோடு போயிற்று. நாத்தனார் மகனோடு வெளியூர் போகும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

ஜன்னலோரத் தட்டில் துளிர் கண்டதும், பேருந்து ஓட்டுநரான கணவன் எட்டிப் பார்த்தான்.

“இலை வந்துடுச்சே. இனிமேலாவது ஒரு இடத்துல உக்காருவியா?”

“அது குச்சியில மிச்சமிருக்கற சத்துல வர்ற இலைங்க. வேர் வரலன்னா கருகிடும்.”

தெரிந்திருந்ததுதான் வினை. பண்ணையில் யாராவது குச்சியை அசைத்தால் எரிந்து விழுகிறவள், வீட்டில் அடுப்புக்கும் ஜன்னலுக்குமாக நடையாய் நடந்தாள். பால் பொங்கி வழிந்தது. ஒரு குச்சியை லேசாக இழுத்தாள். பிடிமானம் தெரிந்தது. நிஜம்தானா என்று இன்னொரு தரம் இழுத்தாள். கையோடு வந்துவிட்டது. நூல் போன்ற வெள்ளை வேர்கள் மணலிலேயே அறுந்து கிடந்தன.

திரும்ப நட்டும் அது பிழைக்கவில்லை. மற்றவையும் அடி கருத்து ஒவ்வொன்றாகச் சாய்ந்து, கடைசியில் ஒன்றே ஒன்று நின்றது.

கணவன் ஒரு தண்ணீர் பாட்டிலின் கழுத்தை அறுத்து, அடியில் துளையிட்டுக் கொண்டுவந்தான். “உன் கையைக் கட்டிப்போட நம்மால ஆகாது. இதுல மாத்தி வை. கண்ணாலயாவது பாத்துக்க.”

மணல் உதிராமல் மாற்றினாள். வேருக்கு வெளிச்சம் ஆகாதென்று செய்தித்தாளைச் சுற்றினாள். சுற்றியதைப் பிரித்தாள், பார்த்தாள், மறுபடி சுற்றினாள். தாள் கிழிந்து வேறு தாள் மாற்றிய நாளில், பாட்டிலின் உட்புறம் வெள்ளையாக ஒரு வேர் ஓடியிருந்தது. பக்கத்தில் இன்னொன்று.

மகன் ஓட்டிவந்த காரிலிருந்து நாத்தனார் வாசலில் இறங்கி வந்தாள்.

“ஒண்ணுதானா?”

“ரெண்டு இருந்திருக்கும் அண்ணி. ஒண்ணை நானே பிடுங்கிட்டேன்.”

“உன் கை சும்மா இருந்திருந்தாத்தான் பயந்திருப்பேன்” என்று நாத்தனார் காரில் ஏறி உட்கார்ந்தாள்.

“கீழ வெச்சுடாதீங்க. வண்டி ஆட்டத்துல வேர் அறுந்துடும்.”

நாத்தனார் கைப்பையைக் காலடியில் தள்ளிவிட்டு மடியை ஒழித்தாள். கார்க் கதவருகே நின்றவள் குனிந்து பாட்டிலை அங்கே வைத்தாள்.